மூடி இல்லை

அன்றைய ஒருங்கிணைப்புக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

பெரிய மேனேஜர். கூட்டத்தைக் கூட்டியவர் அவர்தான். எதற்கு என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

‘பூட்டு’, ஸ்டோர்ஸ் தலைவர். வாயையும் சாவிக்கொத்தையும் ஒரே இறுக்கத்தில் வைத்திருப்பவர்.

‘இரைச்சல்’, உற்பத்தித் தலைவர். இயந்திரங்களுக்கு நடுவே கத்திக் கத்திப் பழகிவிட்டதால், நலம் விசாரித்தால்கூட அடிக்க வருகிற மாதிரி இருக்கும்.

‘சந்தேகம்’, தரக் கட்டுப்பாட்டு அம்மாள். கொடுத்த டீயையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

‘வழியில்’, கொள்முதல்காரர். எதைக் கேட்டாலும் அது வழியில் வந்துகொண்டிருக்கும்.

கட்டக்காரர். திட்டப் பிரிவு. காகிதத்தில் கட்டம் போட்டு, எந்த நாள் எந்த மருந்து என்று எழுதுகிறவர்.

கட்டக்காரரின் மனைவி. இவள் ஸ்டோர்ஸ் ஆள். பேசுவதற்காக வரவில்லை, பூட்டின் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தக் கோப்பைத் திறக்க அவளுக்கு அனுமதி கிடையாது. பூட்டும் இதுவரை திறந்ததில்லை.

அங்கே தயாரித்தது இருமல் மருந்து. பெரிய தொட்டியில் சிவப்பாகக் கலக்கி, குப்பியில் நிரப்பி, மூடி திருகி, பெட்டியில் அடுக்கி அனுப்ப வேண்டும். துறைகள் என்று ஏதும் இல்லாதிருந்தால் சுலபமான வேலை.

போன மாதம் நிரப்புகிற லைன் பலமுறை நின்றது. ஒருமுறை குப்பி இல்லை, ஒருமுறை லேபிள் இல்லை, ஒருமுறை எல்லாம் இருந்தும் இருப்பது யாருக்கும் தெரியவில்லை. பெரிய மேனேஜர் அதைத்தான் பேச வந்திருந்தார்.

“இன்னொரு தடவை லைன் நின்னுச்சு, கட்டம் போடுறவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார்.

“நான் மட்டுமா சார்?” என்றார் கட்டக்காரர்.

“நீங்கதான எழுதிக் குடுக்கறீங்க? மத்தவங்க எல்லாம் வாய்ல சொல்றாங்க. வாய்ல சொன்னவனை எப்படிப் பிடிக்கிறது?”

இதில் இருந்த நியாயத்தை மற்றவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். ‘வழியில்’ இரண்டு முறை தலையாட்டினார். கோப்பை மடியில் வைத்திருந்த மனைவி மட்டும் புருஷன் முகத்தைப் பார்த்தாள். காதோரம் வியர்த்திருந்தது. அவர்களுக்குத் திருமணமான நாளிலிருந்து அந்த இடம் வியர்த்தால் விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரியும்.

*

அந்தத் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, சேர்ந்த ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ஒட்டிக்கொண்டுவிடும்.

ஸ்டோர்ஸ் ஜன்னலில் “இல்லை” என்றால் இருக்கிறது என்று பொருள். “பார்க்கணும்” என்றால் நிறைய இருக்கிறது. “இருக்கு” என்ற சொல்லைப் பூட்டு சொல்லிக் கேட்டவர்கள் கிடையாது. இருக்கிறது என்று சொன்னால் வந்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இல்லை என்றால்தான் நிற்பான், கெஞ்சுவான், “நீங்க மனசு வெச்சா நடக்கும் சார்” என்பான். பிறகு பூட்டு பெருமூச்சு விட்டு, உள்ளே போய், சும்மா கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பொருளைக் கொண்டுவந்து வைப்பார். அதற்கப்புறம் அந்த ஆள் காலையும் மாலையும் வணக்கம் வைப்பான்.

மற்றவர்களும் சளைத்தவர்களா? கட்டக்காரர் திங்கட்கிழமை வேண்டும் என்று எழுதினால் வியாழக்கிழமை கொடுத்தால் போதும். இரைச்சல் தன் ஆட்களின் துணி அலமாரிகளில் மூடிகளை ஒளித்துவைத்துக்கொண்டு, மூடி இல்லாமல் சாகிறேன் என்று கத்துவார். கலக்கிய மருந்து தொட்டியில் எத்தனை நேரம் கெடாமல் இருக்கும் என்பது சந்தேகத்துக்கு மட்டுமே தெரியும். கேட்டால், “கெட்டப்புறம் சொல்றேன்” என்பார்.

எல்லோரும் பொய் சொன்னார்கள், ஆனால் எவ்வளவு பொய் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைக் கழித்துவிட்டுத் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது.

புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிர்த் துறைகளில் இருப்பது இரண்டு பக்கமும் உறுத்தியது. தினமும் காலையில் பூட்டு கேட்பார்: “நேத்து வீட்ல என்ன பேசினீங்க?”

“அவங்க அக்காவுக்கு முழங்கால் வலி சார்.”

“அப்புறம்?”

“இன்னொரு முழங்காலும் வலிக்குதாம்.”

அவர் அதையும் யோசிப்பார், அதில் திட்டப் பிரிவின் சூழ்ச்சி ஏதாவது இருக்கிறதா என்று.

*

கூட்டம் முடிந்த மறுநாள் அவள் மூடி அடுக்குக்குப் போனாள். கீழ்த்தட்டு காலி. நடுத்தட்டு காலி. ஏணி போட்டு ஏறி மேல்தட்டைப் பார்த்தாள். தூசியும், செத்த கரப்பான் ஒன்றும் இருந்தன. வேறெங்காவது மாற்றி வைத்திருப்பார்கள் என்று மூலைமுடுக்கெல்லாம் தேடினாள். எங்கும் இல்லை. வாயால் சொல்கிற இல்லை அல்ல, கண்ணால் பார்க்கிற இல்லை. இத்தனை வருஷத்தில் அவள் அதை அங்கே முதல்முறையாகப் பார்த்தாள்.

பூட்டு மேசையில் உட்கார்ந்து சாவிகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“சார், மூடி இல்ல.”

“யாராச்சும் கேட்டா அப்படித்தான் சொல்லணும்.”

“இல்ல சார். நெஜமாவே இல்ல.”

அவர் கை நின்றது. அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“கொள்முதல்ல சொன்னீங்களா சார்?”

“சொன்னேனே. இல்ல, உடனே வாங்குங்கன்னேன். அவன் சிரிச்சான். ‘எங்களுக்கே பூ சுத்தறீங்களா’ன்னுட்டுப் போயிட்டான்.”

“நெஜமா இல்லன்னு அழுத்திச் சொல்ல வேண்டியதுதான சார்?”

பூட்டு அவளைப் பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். “ஏம்மா, இப்ப நெஜமா இல்லன்னு சொன்னா, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் என்னன்னு கேக்கமாட்டான்?”

“கேப்பான்.”

“அப்ப நான் என்ன சொல்றது?”

அவர் எண்ணெய்த் துணியை மடித்தார்.

“ஸ்டோர்ஸ் எப்பவும் சொல்ற மாதிரி இல்லன்னு சொல்லிடுச்சு. நம்பாதது அவங்க குத்தம். நம்ம மேல தப்பு வராது. நீ வாயைத் திறக்காம இரு.”

“லைன் நின்னா அவரு வேலை போயிடும் சார்.”

“எவரு?”

“எங்க வீட்டுக்காரரு.”

“ஓ” என்றார் பூட்டு. அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் வருத்தப்பட்டார். பிறகு, “வேற டிபார்ட்மென்ட் விஷயம்மா அது” என்றார்.

*

சாயங்காலம் அடுப்படியில் கட்டக்காரர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அலுவலகப் பேச்சு கூடாது என்பது இருவரும் சேர்ந்து போட்ட சட்டம். அவள் இரண்டு முறை தொண்டையைக் கனைத்தாள்.

“என்ன, இருமலா? நம்ம மருந்தை மட்டும் குடிச்சிடாத” என்றார் அவர்.

“ஏங்க, நாளைக்குத் தொட்டி கலக்கறீங்களா?”

வெங்காயம் உரித்த கை நின்றது. “இத யாரு கேக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நானா கேக்கறேன். கலக்காதீங்க. மூடி இல்ல.”

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மெல்ல மலர்ந்தது. கூட்டத்துக்குப் பிறகு அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“அப்பாடா. எங்க மூடி இல்லாம போயிடுமோன்னு நேத்திலேருந்து கட்டத்தை அழிச்சு அழிச்சு எழுதிட்டிருந்தேன்.”

“இல்லன்னுதான சொல்றேன்?”

“அதைத்தான நானும் சொல்றேன்.”

“ஏங்க, நான் ஸ்டோர்ஸ் ஜன்னல்ல நின்னு சொல்லல. அடுப்படில நின்னு சொல்றேன். அடுக்குல ஒண்ணுகூட இல்ல. ஏணி போட்டு ஏறிப் பாத்தேன்.”

“ஏணி வேறயா!” அவர் சிரித்தேவிட்டார். “பூட்டு நல்லாத்தான் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காரு. ஜன்னல்ல சொன்னா நான் நம்பமாட்டேன்னு வீட்டுக்கே அனுப்பிட்டாரா? பலே ஆளு.”

“அவரு வாயைத் திறக்காதன்னுதான் சொன்னாரு.”

“அதையும் சொல்லச் சொன்னாரா?”

அவளுக்குக் கரண்டியை வீசலாம் போல இருந்தது. “நம்ம பொண்ணு மேல சத்தியம்.”

“போன மாசம் லேபிள் இல்லன்னு பூட்டு அவங்க அம்மா மேல சத்தியம் பண்ணாரு. மத்தியானமே லேபிள் வந்துச்சு. அந்தம்மாவும் நல்லாத்தான் இருக்காங்க.”

“அப்ப நீங்களே வந்து பாருங்க.”

“ஸ்டோர்ஸ்க்குள்ள என்னை விடுவாங்களா? போன் கொண்டுபோய்ப் படம் எடுக்கவாச்சும் உன்னை விடுவாங்களா? இதெல்லாம் தெரிஞ்சுதான கூப்பிடற?” அவர் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினார். “இங்க பாரு, நீ உன் டிபார்ட்மென்ட்டுக்கு உண்மையா இருக்கறதுல எனக்கு வருத்தமே இல்ல. நானும் அப்படித்தான். நீ இல்லன்னுட்ட, போதும். இதுக்கு மேல நான் கேட்டா அது உன்னைச் சங்கடப்படுத்தற மாதிரி.”

அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார். நன்றாகத் தூங்கினார். அவள்தான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். ‘இருக்கு’ என்று சொல்லியிருந்தால் அலறிப்போய்த் தொட்டியை நிறுத்தியிருப்பாரோ என்று அவளுக்குத் தோன்றியபோது அவர் குறட்டைவிட ஆரம்பித்திருந்தார்.

*

மறுநாள் தொட்டி கலக்கினார்கள். இரைச்சல் துணி அலமாரிகளிலிருந்து மூடிகளை எடுத்து லைனை ஓட்டினார். அது தீரும்போது ஸ்டோர்ஸில் கேட்டுக்கொள்ளலாம், வழக்கம்போல் ஒரு பாட்டம் கெஞ்சினால் போதும் என்பது கணக்கு. தீர்ந்தது. அவரே ஜன்னலுக்கு வந்து கெஞ்சினார். அவர் கெஞ்சியது கேட்டு வாசல் காவலாளி ஓடிவந்தார்.

“இல்ல” என்றார் பூட்டு.

இரைச்சல் இன்னும் கெஞ்சினார். பூட்டு பெருமூச்சு விட்டு உள்ளே போனார், கொஞ்ச நேரம் நின்றார், வெறுங்கையோடு திரும்பி வந்தார். இரைச்சல் அந்தக் கைகளையே பார்த்தார். அவரை மௌனமாக அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

லைனில் திறந்த குப்பிகள் வரிசையாக நின்றன, வாயைப் பிளந்துகொண்டு. சந்தேகம் வந்து ஒரு குப்பியை மோந்து பார்த்தார். தொட்டியையும் எட்டிப் பார்த்தார். “கெட்டுப்போச்சு. இப்ப சொல்றேன்” என்றார். தொட்டி மருந்து முழுவதையும் வாய்க்காலில் திறந்துவிட்டார்கள். தெருமுனை வரை சாக்கடை சிவப்பாகப் போயிற்று.

விசாரணைக்கு அதே அறை, அதே ஆட்கள். அவளும் வந்தாள், கோப்போடு.

“ஸ்டோர்ஸ்ல மூடி இருக்குன்னு யாராச்சும் சொன்னாங்களா?” என்று பெரிய மேனேஜர் கேட்டார்.

“இல்ல சார். இல்லன்னுதான் சொன்னாங்க” என்றார் கட்டக்காரர்.

“பின்ன ஏன்யா கலக்கச் சொன்னீங்க?”

“இல்லன்னு சொன்னதாலதான் சார்.”

அறையில் யாரும் சிரிக்கவில்லை. ‘வழியில்’ மெல்ல, “நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்” என்றார். பெரிய மேனேஜரும் யோசித்துவிட்டு, “அது சரிதான்” என்றார். “அப்ப எங்க தப்பு நடந்துச்சு?”

பூட்டு முதன்முறையாகத் தானே முன்வந்து பேசினார். “ஸ்டோர்ஸ் எப்பவும் போலத்தான் சார் சொல்லியிருக்கு. எங்க பக்கம் மாற்றம் எதுவும் இல்ல.”

“ஜன்னல்ல கேட்டீங்களா?” என்று சந்தேகம் கட்டக்காரரைக் கேட்டார். “யாரு சொன்னது உங்களுக்கு?”

கட்டக்காரரின் காதோரம் வியர்த்தது. அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

“வீட்ல சொன்னாங்க சார்.”

“வீட்லன்னா?”

“இவங்கதான்.”

பெரிய மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். “என்னம்மா சொன்ன?”

“மூடி இல்லன்னு சொன்னேன் சார்.”

“எந்த இல்ல?”

“நெஜமான இல்ல சார்.”

அறையில் சலசலப்பு. இரைச்சல் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். பூட்டு கண்ணை மூடிக்கொண்டார்.

“பாருங்க சார்! முன்னறிவிப்பே இல்லாம உண்மையைச் சொன்னா மனுஷன் எப்படிக் கண்டுபிடிப்பான்?” என்று கத்தினார் இரைச்சல்.

“நம்ம வீட்லயும் இப்படித்தான் சார்” என்றார் கட்டக்காரர், குரலில் கொஞ்சம் தெம்பு வந்து. “சாப்பாடு இல்லம்பா, திறந்து பாத்தா பானை நிறைய இருக்கும். எதை நம்பறது?”

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மேனேஜர்கூடச் சிரித்தார். அவள் வீட்டில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அது அவருக்கும் தெரியும்.

“ஒரு டிபார்ட்மென்ட் தன் வழக்கத்தை மாத்தினா, மத்த டிபார்ட்மென்ட்டுக்கு முன்னாடியே தெரியப்படுத்தணும்” என்றார் பெரிய மேனேஜர்.

“தெரியப்படுத்தினா நம்புவீங்களா சார்?” என்றாள் அவள்.

அது அதிகப்பிரசங்கித்தனம் என்பது அறை முழுவதற்கும் தெரிந்தது.

தீர்ப்பு அன்று மாலைக்குள் வந்துவிட்டது. வேலையைவிட்டு யாரையும் அனுப்பவில்லை. துறைகளுக்கிடையே தகவல் சரியாகப் போகவில்லை என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதற்காகப் புதிதாக ஒரு துறை, தகவல் பகிர்வுப் பிரிவு. அதன் ஒரே ஊழியர் அவள். இடம், நடைவழியின் கடைசியில் உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்த அறை. மற்ற துறைகள் அவளுக்கு எதையும் சொல்லியாக வேண்டும் என்று உத்தரவில் எங்கும் இல்லை. கட்டக்காரருக்குக் கடைசி வாய்ப்பு. ‘வழியில்’ இந்த முறை பதறிப்போய் மூடிக்குச் சொல்லிவிட்டிருந்தார். மறுநாள் பொழுது சாய்வதற்குள் மூடி இறங்கி லைன் ஓடினால் அவர் வேலை தப்பும். ஓடாவிட்டால் அவர் போக வேண்டியதுதான்.

நடைவழியில் அவர் அவளிடம் வந்தார். “தலை தப்பிச்சுது. உனக்கும் ஒண்ணும் ஆகல பாரு, தனி ரூமே குடுத்திருக்காங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், மனசுல வெச்சுக்காத.”

“இல்லங்க” என்றாள் அவள்.

அவர் நிம்மதியாகப் போனார். இந்த இல்லையை அவர் அப்படியே நம்பிவிட்டார்.

*

மறுநாள் மத்தியானம் அவள் தன் சாமான்களை எடுக்க ஸ்டோர்ஸுக்குப் போனாள். ஒரு டம்ளர், ஒரு சீப்பு, குளிருக்கு வைத்திருந்த சால்வை. பூட்டு கூடவே நின்று அவள் எதை எடுக்கிறாள் என்று பார்த்தார். இப்போது அவள் வேற்றுத் துறை.

“நான் கணக்கெடுக்கப் போறேன். இந்தக் கலாட்டாவுக்கப்புறம் எல்லாத்தையும் எண்ணிப் பாத்தாகணும்” என்றார். “கதவைச் சாத்தினா நாளைக்குக் காலைலதான் திறப்பேன். எவன் தட்டினாலும் திறக்கமாட்டேன், பெரிய மேனேஜரே வந்தாலும் சரி.”

கணக்கெடுப்பு என்றால் அப்படித்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணும்போது யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

பின்கதவு வழியாக அவளை வெளியே விட்டார். வாசலுக்கு வெளியே சரக்கு முற்றம். எந்தச் சரக்கும் இந்தக் கதவு வழியாக, பூட்டு எண்ணி வாங்கித்தான் உள்ளே போகும். அதன் கோடியில் ஒரு லாரி திரும்பி நின்றது. தார்ப்பாய் ஓரம் விலகி, அட்டைப்பெட்டிகளில் மூடி கம்பெனியின் பச்சை வட்டம் தெரிந்தது. டிரைவர் கீழே குதித்து, யாரைக் கேட்பது என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டு நின்ற இடத்திலிருந்து கதவின் மறைவில் அது தெரியாது.

அவள் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். மேலே திட்டப் பிரிவின் ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்து இல்லை, தெருவைப் பார்த்து இருந்தது. அங்கே ஒருவர் காதோரம் வியர்த்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்வாசல் வழியாக லாரி வராது, பின்வாசலில்தான் வரும் என்று திட்டப் பிரிவுக்கு யாரும் சொன்னதில்லை.

“என்னமோ சத்தம் கேட்டுச்சே” என்றார் பூட்டு உள்ளிருந்து. “மூடி வண்டி ஏதும் வந்திருக்கா?”

அவள் லாரியைப் பார்த்தாள். டிரைவர் அவளைப் பார்த்துக் கையைத் தூக்கினான்.

“இல்ல சார்” என்றாள்.

“நெஜமாவா?”

“நெஜமா.”

பூட்டு தலையாட்டினார். “நீ சொன்னா சரிதான். உனக்குத்தான் பொய்யே வராதே” என்று சொல்லிக் கதவை இழுத்துச் சாத்தினார். மேல் தாழ் விழுந்தது, கீழ்த் தாழ் விழுந்தது, பிறகு அவள் முதுகுக்குப் பின்னால் சாவி இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிக்கொண்டது.